ஆழிக்குமரனின் நினைவு



பள்ளி விடுமுறை நாளொன்றில் நீங்கள் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்கோ, பெங்காலான் பாலாக்கிற்கோ குடும்பத்தோடு போயிருப்பீர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்து லாரியில் போனோம். இப்போது வேன் எடுத்துக்கொண்டு போகிறோம். தூக்குச் சட்டியில் புளிச்சோறு இருக்கும். மரநிழலில் பாயை விரித்துப் பெரியவர்கள் உட்காருவார்கள். பிள்ளைகளோ கடலைக் கண்ட மாத்திரத்தில் ஓடுவார்கள். உடனே பின்னாலிருந்து பாட்டியின் குரல் கேட்கும்: "டேய், தண்ணிகிட்ட போகாதே! அப்பா கிட்டச் சொல்லிடுவேன்!"

அந்தக் குரலை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். இன்று அதே குரலில் நம் பேரப்பிள்ளைகளை அதட்டவும் செய்கிறோம்.

பாட்டியின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தார்கள். 'ரஜூலா' கப்பலைப் பற்றிப் பேசாத வீடு தோட்டத்தில் உண்டா? கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துப் படுத்து, வாந்தியும் மயக்கமுமாகப் பல நாள் கடலில் கிடந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கடல் என்றால் பிரிவு. பெற்றவளை அந்தக் கரையில் விட்டுவிட்டு வந்த துயரம். அதை அழகு பார்க்க அவர்களுக்கு எப்படி மனம் வரும்?

கடலை அப்படி அஞ்சிய தமிழர் உண்டு. அதே கடலை வயற்காடுபோல் பழகிக்கொண்ட தமிழரும் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் பெயர் குமார் ஆனந்தன். ஈழத்துத் தமிழர் அவரை 'ஆழிக்குமரன்' என்று அழைத்தார்கள். ஆழி என்றால் கடல். கடலின் மைந்தன் என்று ஓர் ஊரே ஒருவரை அழைக்க வேண்டுமானால், அவர் என்ன செய்திருக்க வேண்டும்?

நம் தோட்டங்களில் முன்பு யாழ்ப்பாணத்துக் கிராணிமார் பலர் வேலை பார்த்தார்கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டவர்கள், கணக்கு எழுதியவர்கள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர்கள். அந்த யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் வல்வெட்டித்துறை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கப்பல் கட்டுவதும் கப்பலோட்டுவதும் பரம்பரைத் தொழில். அவ்வூரார் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளே செலுத்திச் செல்ல, 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. இந்த ஊரில் 1943ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் பிறந்தவர் ஆனந்தன். அவர் படித்து வழக்கறிஞரானார். என்றாலும், கடல் அவரை விடவில்லை.

இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் உள்ள கடலைப் பாக்கு நீரிணை என்கிறோம். படத்தில் பார்த்தால் ஒரு விரற்கடை அகலம்தான். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோ மீட்டர். நம் ஜாசினிலிருந்து மலாக்கா நகரத்துக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளலாம். வண்டியில் போனால் ஒரு பாட்டு நிகழ்ச்சி முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஆனால் அது கடல். மணல் திட்டுகளின் மேல் நீர் ஆழமில்லாமல் ஓடுகிறது. அதனாலேயே நீரோட்டம் கடுமையாக இருக்கிறது. முன்னோக்கி ஒரு மணி நேரம் நீந்தியவனை அது பக்கவாட்டில் எங்கோ கொண்டு போய்விடும். உடம்பில் பட்டால் தீயாக எரியும் சொறிமீன்கள் உண்டு. கடற்பாம்புகளும் உண்டு.

தோட்டத்துத் தமிழராகிய நமக்கு அந்தக் கடலோடு இன்னொரு உறவும் இருக்கிறது. நம் முன்னோர் வங்கக் கடலைக் கடந்து மலாயாவின் ரப்பர்க் காட்டுக்கு வந்தது போலவே, அவர்களுடைய அண்ணன் தம்பிமார் இந்தச் சிறிய கடலைக் கடந்து இலங்கையின் தேயிலை மலைகளுக்குப் போனார்கள். 1964ஆம் ஆண்டு இரு நாட்டு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னர், அவர்களுடைய பிள்ளைகளில் பல இலட்சம் பேர் தலைமன்னாரில் கப்பலேறி இதே கடல் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆகவே பாக்கு நீரிணை என்பது நமக்கு வெறும் புவியியல் பாடம் அல்ல. கூலித் தமிழன் போவதும் வருவதுமாக இருந்த பாதை அது.

இந்தக் கடலை நீந்திக் கடக்க முடியும் என்று 1954ஆம் ஆண்டிலேயே காட்டியவர் நவரத்தினசாமி. அவர் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திச் சென்றார். 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் வங்காளத்து வழக்கறிஞர் மிகிர் சென் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்தினார். ஒரு கரையிலிருந்து மறுகரை சேர்ந்தாலே மாலை போட்டு மேளம் கொட்டி வரவேற்பார்கள்.

ஆனந்தன் 1971ஆம் ஆண்டு என்ன செய்தார்? தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். சேர்ந்த இடத்திலிருந்து மறுபடி தலைமன்னாருக்கே நீந்தி வந்தார். போகவும் வரவும் அவருக்கு 51 மணி நேரம் ஆயிற்று.

நேயர்களே, 51 மணி நேரம் என்பதை நம் கணக்கில் பார்ப்போம். திங்கட்கிழமை காலை 6 மணிக்குப் பெரட்டுக்குப் போகிற நேரத்தில் நீரில் இறங்கினால், புதன்கிழமை காலை 9 மணிக்குப் பசியாறுகிற நேரத்தில்தான் கரையேற வேண்டும். இடையில் இரண்டு இரவுகள். படுக்கை இல்லை, உட்காரத் திண்ணை இல்லை, கால் ஊன்றி நிற்க இடம் இல்லை. உப்புநீரில் ஊறி நாக்கு தடித்துப் போகும். அக்குளில் தோல் உரசி உரசிப் புண்ணாகும். இரவில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. துணைக்கு வருகிற படகின் விளக்கு மட்டும் தெரியும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1964ஆம் ஆண்டு டிசம்பரில் அடித்த பெரும்புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்துவிட்டது. இரயில் வண்டியை அப்படியே கடல் கொண்டுபோயிற்று. ஏழு ஆண்டுகள் கழித்து ஆனந்தன் நீந்திச் சேர்ந்தது அந்த அழிந்த ஊரின் கரைக்கு. இடிந்த சுவர்களும் மணலும்தான் அங்கே இருந்தன. கடலின் வலிமை என்ன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? அந்தக் கரையிலிருந்துதான் அவர் திரும்பினார்.

இத்தகைய நீச்சலை ஒருவர் தனியாகச் செய்துவிட முடியாது. நீந்துகிறவர் ஒருவர்தான், ஆனால் அவருக்காக விழித்திருப்பவர்கள் பலர். நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துச் சொல்லும் படகோட்டி வேண்டும். கோலிலோ கயிற்றிலோ குவளையைக் கட்டி உணவு நீட்டுகிறவர் வேண்டும். முகத்தைப் பார்த்து, பேச்சைக் கேட்டு, உடல்நிலையைக் கணிக்கிறவர் வேண்டும். நீந்துகிறவரைத் தொடக்கூடாது என்பது விதி. தொட்டால் முயற்சி முடிந்தது. ஆகவே கையெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு, தொடாமல், கண்ணிமைக்காமல் காவல் இருக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நமக்குத் தேவைப்படும்.

அதன் பிறகு ஆனந்தன் பல சாதனைகளைச் செய்தார். 1980ஆம் ஆண்டு கொழும்பில் 33 மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றார். 1981ஆம் ஆண்டு சென்னையில், மெரீனாவை அடுத்துள்ள அண்ணா நீச்சல் குளத்தில், தரையில் கால் படாமல், கையையும் காலையும் அசைத்தபடியே 80 மணி நேரம் நீரில் நின்றார். கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது.

"ஒற்றைக் காலில் நிற்பதால் ஊருக்கு என்ன பயன்?" என்று நம்மில் சிலர் சிரிக்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு மனித உடம்பு எவ்வளவு தாங்கும், ஒரு மனம் அதை எவ்வளவு தாங்க வைக்கும் என்று அறிய அவர் தம் உடம்பையே சோதனைக் கூடமாக வைத்துக்கொண்டார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. விடியுமுன் எழுந்து, மழையிலும் கொசுக்கடியிலும் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து பால் வெட்டியவர்களுக்கு, உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றுதான். நாம் வயிற்றுக்காகத் தாங்கினோம். அவர் தாமே விரும்பித் தாங்கினார்.

இனி, 1984ஆம் ஆண்டுக்கு வருவோம்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள கடலுக்கு ஆங்கிலக் கால்வாய் என்று பெயர். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 33 கிலோ மீட்டர். 1875ஆம் ஆண்டு கேப்டன் மேத்யூ வெப் என்ற ஆங்கிலேயர், வேறு உதவிச் சாதனம் எதுவும் இல்லாமல் அதை முதன்முதலில் நீந்திக் கடந்தார். இந்தியரில் முதல்வராக 1958ஆம் ஆண்டு கடந்தவர் நாம் முன்பு சொன்ன மிகிர் சென். அடுத்த ஆண்டே, 1959இல், ஆரதி சாகா என்ற வங்காளப் பெண் அதைக் கடந்து, ஆசியப் பெண்களில் முதல்வர் என்று பெயர் பெற்றார். பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று கேட்கிற தகப்பன்மார் இந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைப் பார்த்தால் பாக்கு நீரிணைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு குளிரில் இருக்கிறது. நம் பக்கத்துக் கடல்நீர் ஏறத்தாழ 28, 29 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும். ஆங்கிலக் கால்வாயிலோ நடுக்கோடையிலும் 16, 17 பாகைதான். நம் உடம்பின் சூடு 37 பாகை. குளிர்ந்த நீர், காற்றைவிடப் பல மடங்கு விரைவாக உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். நெடுநேரம் ஆற்றில் விளையாடிய பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்து, பல் கிட்டிப் போவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுதான் தொடக்கம். உடம்பின் சூடு 35 பாகைக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் நடுக்கம் வரும். பிறகு பேச்சு குழறும், அறிவு மயங்கும். தன் நிலைமை மோசம் என்பதே நீந்துகிறவருக்குத் தெரியாது. "எனக்கு ஒன்றும் இல்லை, நீந்துகிறேன்" என்றே சொல்வார். அதன் பிறகு நடுக்கமும் நின்றுவிடும். அது நல்ல அறிகுறி அல்ல, இறுதி அறிகுறி.

அந்தக் கடலைக் கடக்க ஆனந்தன் இங்கிலாந்துக்குச் சென்றார். 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் நாள், அந்த முயற்சியின்போது உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41.

இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம். இந்தக் கதையைக் கேட்டதும் நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழும். ஒரு பக்கம், "பார்த்தாயா, இவ்வளவு பெரிய நீச்சல்காரனையே தண்ணீர் கொண்டுபோய்விட்டது. நீ எம்மாத்திரம்? ஆற்றுப் பக்கமே போகாதே" என்பார்கள். மறு பக்கம், இளைஞர்கள், "செத்தாலும் சிங்கமாகச் செத்தார், நாமும் துணிய வேண்டும்" என்பார்கள். இரண்டுமே பாதிப் பேச்சுதான் என்பது நம் கருத்து.

முதல் பேச்சை எடுத்துக்கொள்வோம். தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று சொல்லிச் சொல்லியே நாம் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டோமா? தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மழைக்குப் பின் நிரம்பிய குட்டை, மண் தோண்டிவிட்டு மூடாமல் போன பள்ளம், செம்பனைக் காட்டு வாய்க்கால், இவற்றில் ஒன்றில் போன ஒரு பிள்ளையின் பெயர் ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் இருக்கும். லயத்தின் கடைசி வீட்டு வாசலில் அந்தச் சின்ன உடம்பைப் போர்த்திக் கிடத்தியிருந்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கும் அம்மா சொல்லித்தான் இருந்தாள், போகாதே என்று. தண்ணீர் பிள்ளையை அழைக்கும், பிள்ளை போகும். அச்சுறுத்தல் அவனைத் தடுக்கவில்லை. நீந்தத் தெரிந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான்.

இப்போது பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. நாமும் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். ஆனால் தாமானுக்குப் பின்னாலும் வெள்ளநீர்க் குட்டை இருக்கிறது. பெரிய கால்வாய் இருக்கிறது. அபாயம் நம்மோடு குடிபெயர்ந்து வந்திருக்கிறது.

இரண்டாவது பேச்சுக்கு வருவோம். துணிவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதா? ஆழிக்குமரன் அப்படிக் குதித்தவர் அல்லர். 1971ஆம் ஆண்டுக்கும் 1984ஆம் ஆண்டுக்கும் இடையில் 13 ஆண்டுகள் தம்மைத் தாமே அளந்துகொண்டிருந்தார். அவ்வளவு அளந்தவரையும் கடல் ஒரு நாள் மிஞ்சியது. அளக்காமல் இறங்குகிறவனைப் பற்றி என்ன சொல்ல? கால்வாயை முதலில் கடந்த அதே கேப்டன் வெப், 1883ஆம் ஆண்டு நயாகரா அருவிக்குக் கீழே உள்ள கொடிய நீர்ச்சுழியை நீந்தப் போய் உயிரிழந்தார். நேற்று வென்றவன் என்பதற்காகத் தண்ணீர் இன்று வழி விடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியோர் சொன்னது கோழைக்குச் சொன்ன சொல் அல்ல, வீரனுக்குச் சொன்னது.

இவ்விடத்தில் வேறொரு கடல் மனிதரையும் நினைக்கத் தோன்றுகிறது. பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அங்கே மாரிக்காலத்தில் அலைகள் தென்னை உயரத்துக்கு எழும். பலகை ஒன்றின் மேல் நின்று அந்த அலைகளில் சறுக்கி வருவது அத்தீவு மக்களின் பழைய விளையாட்டு. அதில் பெயர் பெற்றவர் எடி ஐக்காவ். அவர் வைமியா என்னும் விரிகுடாவில் உயிர்காப்பாளராக வேலை பார்த்தார். மற்றவர்கள் அஞ்சி நிற்கும் அலைக்குள் புகுந்து நூற்றுக்கணக்கானோரைக் கரை சேர்த்தார். 1978ஆம் ஆண்டு மார்ச்சில், முன்னோர் முறைப்படி கட்டிய ஒரு பாய்மரத் தோணியில் பயணம் போனபோது, அது நடுக்கடலில் கவிழ்ந்தது. தோழர்களுக்கு உதவி கொண்டுவர அவர் தம் பலகையில் தனியே துடுப்பிட்டுச் சென்றார். தோழர்கள் காப்பாற்றப்பட்டார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

ஒருவர் மனித உடம்பின் எல்லையைத் தேடிப் போய்க் கடலில் முடிந்தார். இன்னொருவர் பிறர் உயிரைத் தேடிப் போய் முடிந்தார். இருவரும் கடலை அறிந்தவர்கள். இருவரும் அதை மதித்தவர்கள். நம் பிள்ளைகள் எல்லோரும் ஆழிக்குமரன் ஆக முடியாது, ஆகவும் வேண்டாம். ஆனால் தன் உயிரையும் பக்கத்திலுள்ள ஓர் உயிரையும் காக்கிற அளவுக்குத் தண்ணீரை அறிந்துகொள்ள எல்லாப் பிள்ளைகளாலும் முடியும்.

அதற்கு என்ன செய்யலாம்? முதலில், நீச்சல் தெரிந்த ஒருவரிடம் பிள்ளைகளை முறையாகப் பழக விடுங்கள். நகராண்மைக் கழக நீச்சல் குளமோ, பள்ளி ஏற்பாடு செய்யும் பயிற்சியோ எதுவாயினும் சரி. வேகமாக நீந்துவதற்கு முன் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். மிதக்கத் தெரிந்தவனுக்கு மூச்சு இருக்கும். மூச்சு இருப்பவனுக்குக் கூப்பிடக் குரல் இருக்கும். இரண்டாவதாக, ஆழிக்குமரனுக்குக்கூடப் பக்கத்தில் படகு இருந்ததே, அதை நினையுங்கள். பிள்ளைகள் குளிக்கும்போது ஒரு பெரியவர் கரையில் இருக்க வேண்டும். இருந்தால் போதாது, கைப்பேசியை மடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, சத்தமில்லாமல்தான் போகும். மூன்றாவதாக, ஒருவர் தத்தளிப்பதைக் கண்டால், நீந்தத் தெரியாதவர் குதிக்கக் கூடாது. ஒருவர் போக வேண்டிய இடத்தில் இரண்டு பேர் போய்விடுவார்கள். மூங்கிலை நீட்டுங்கள், கயிற்றை வீசுங்கள், மூடியுள்ள காலி எண்ணெய் டின்னைத் தள்ளிவிடுங்கள், 999க்குக் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் நம்மவருக்கு எட்டாத செய்தி என்று எண்ண வேண்டாம். 2003ஆம் ஆண்டு பினாங்கைச் சேர்ந்த அப்துல் மாலிக் மைடின், மலேசியரில் முதல்வராக அதே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். ஏறத்தாழ 18 மணி நேரம் அந்தக் குளிரில் நீந்தினார். 1984ஆம் ஆண்டு ஒரு தமிழர் உயிர்விட்ட கடலில் 19 ஆண்டுகள் கழித்து நம் நாட்டவர் ஒருவர் கரையேறினார். முன்னே போனவர் கரை சேரவில்லை என்பதால் அவர் போன வழி வீண் ஆகிவிடுவதில்லை. பின்னே போகிறவர் எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை அவருடைய மரணமும் சொல்லிக் கொடுக்கிறது.

நேயர்களே, அடுத்த விடுமுறையில் நீங்கள் தஞ்சோங் கிளிங்கிற்குப் போவீர்கள். பிள்ளைகள் ஓடுவார்கள். பாட்டி குரல் கொடுப்பார்கள். அப்போது "போகாதே" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்களும் கூடவே இறங்குங்கள். முழங்கால் அளவு நீரில் நின்று, பிள்ளையின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து மிதக்கவிடுங்கள். கொஞ்ச நேரம் தாங்குங்கள். பிறகு மெல்லக் கையை எடுங்கள். ஆனால் கண்ணை மட்டும் எடுக்காதீர்கள்.

அமரர் ஆழிக்குமரனுக்கு நம் தோட்டத்து மக்கள் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுதான்.